சிறுவர் பைபிள் கதைப்புத்தகம் வேதத்தோடு ஒத்துப்போகிறதா? வாங்குமுன் சோதிப்பது எப்படி

நூலகப்பொறுப்பு

ஓய்வுநாள் பள்ளி நூலகத்துக்கு 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கான கதைப்புத்தகங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரடியாகத் தமிழில் எழுதியவை, மொழிபெயர்ப்புகள், இருமொழிப் பதிப்புகள் என்று பல வகை முன்னால் இருக்கின்றன. எல்லா அட்டையிலும் 'வேதாகமக் கதைகள்' என்றுதான் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை மூலத்தோடு ஒப்பிட நேரம் போதாது. எந்தக் கதைகளைப் பார்த்தால் முழுப் புத்தகத்தின் போக்கும் தெரியும்? எந்தத் தப்புக்காகப் புத்தகத்தையே தள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ளலாம்? தாளின் தரமும் விலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரோயா17

ஐந்து கதை போதும்: நோவா, தாவீது–கோலியாத், யோனா, இயேசுவின் பிறப்பு, சகேயு. அநேகமாக எல்லாப் புத்தகத்திலும் இவை இருக்கும். ஒவ்வொன்றிலும் கதை எழுதுபவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் வேறு. ஒரு புத்தகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் வேதாகமம், பிறகு கதைப்புத்தகம். இந்த வரிசையை மாற்றக்கூடாது. கதையை முதலில் வாசித்துவிட்டால் அதில் இருப்பதெல்லாம் வேதத்திலும் இருப்பதாகக் கண் காட்டும். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை என்பதால் இது இன்னும் மோசம். அந்தப் பகுதியை வாசித்து ஒரு தாளில் மூன்றை மட்டும் வசன எண்ணோடு எழுதுங்கள்: யார் என்ன செய்தார், யார் என்ன பேசினார், ஏன் நடந்தது என்று வசனமே என்ன காரணம் சொல்கிறது. அதன்பிறகு கதையை வாசித்து, வேறுபடும் இடங்களில் பென்சிலால் குறியுங்கள். சேர்த்திருந்தால் 'சே', விட்டிருந்தால் 'வி', சம்பவ வரிசை மாறியிருந்தால் 'வ', காரணம் மாறியிருந்தால் 'கா'.

பலரும் 'சே' தேடுவதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆப்பிள் வரைந்திருக்கிறதா, மூன்று ராஜாக்கள் வந்தார்களா என்று பார்ப்பது எளிது, திருப்தியும் தரும். பிள்ளையின் மனதில் கதையைத் திருப்பிப்போடுவது பெரும்பாலும் 'கா'தான்.

நோவாவை எடுத்துக்கொள்வோம், ஆதியாகமம் 6 முதல் 9 வரை. தாளில் வரவேண்டியவை: மனுஷனுடைய அக்கிரமம் பெருகியது (6:5). அது கர்த்தருடைய "இருதயத்துக்கு விசனமாயிருந்தது" (6:6). பேழையின் அளவைக் கொடுத்தது தேவன் (6:15). சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி, மற்றவற்றில் ஒரு ஜோடி (7:2). கதவை அடைத்தது கர்த்தர் (7:16). மழை 40 நாள், ஆனால் வெள்ளம் பூமியை மூடியிருந்தது 150 நாள் (7:24). முதலில் காகம், பிறகு புறா (8:7-8). இரண்டாம் மாதம் 17-ஆம் தேதி ஆரம்பித்தது அடுத்த வருஷம் இரண்டாம் மாதம் 27-ல் பூமி காய்ந்து முடிகிறது, அதாவது ஒரு வருஷத்துக்கும் மேல். இறங்கியதும் பலிபீடம் (8:20). அதன்பின் உடன்படிக்கை, வானவில்.

பேச்சு என்ற தலைப்பின் கீழ் நோவாவுக்கு வெள்ளம் முடியும்வரை எழுத ஒன்றும் இருக்காது. அவன் வாய்திறந்து பேசியதாக ஆதியாகமம் பதிவுசெய்திருக்கும் முதல் வார்த்தை 9:25-ல்தான் வருகிறது. ஜலப்பிரளயம் முழுக்கத் தேவன் பேசுகிறார், நோவா செய்கிறான். கதைப்புத்தகத்தில் நோவா பக்கத்துக்குப் பக்கம் பேசி, கதவையும் தானே இழுத்துச் சாத்தி, மிருகங்களைக் காப்பாற்றும் நல்ல மனிதராக வந்தால், 'சே' மூன்று நான்கு விழும். கூடவே, கதையில் செயல்படுபவரே மாறிவிட்டார். அதைத்தான் தேடவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 'சே' போடுமுன் இணைவசனம் (அதே செய்தியைச் சொல்லும் வேறு இடத்து வசனம்) பாருங்கள். நோவா ஜனங்களுக்குப் பிரசங்கித்தான் என்று ஆதியாகமத்தில் இல்லை, ஆனால் 2 பேதுரு 2:5 அவனை நீதியைப் பிரசங்கித்தவன் என்கிறது. ஜனங்கள் கூடிநின்று கேலிசெய்தார்கள் என்பதற்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லை. மத்தேயு 24:38-39 சொல்வது அவர்கள் புசித்தார்கள், குடித்தார்கள், பெண்கொண்டார்கள், ஒன்றையும் உணராதிருந்தார்கள் என்பதே. பேழை கட்ட 120 வருஷம் ஆயிற்று என்பதும் 6:3-லிருந்து எடுத்த ஊகம்தான்.

மறைக்கல்வி_மதுரை

பெரோயா சொன்ன முறை நன்று. அதற்கு முன்னால் ஒன்று முடிவாக வேண்டும்: எந்த விவிலியத்தோடு ஒப்பிடுகிறோம்? புராட்டஸ்டண்ட் பதிப்பில் 66 நூல்கள், கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73. தோபித்து கதையோ, தானியேல் 13-ல் வரும் சூசன்னா கதையோ புத்தகத்தில் இருந்தால் அது சேர்க்கை ஆகாது, பதிப்பாளர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று முன்னுரையில் பாருங்கள். பெயர் எழுத்திலும் வேறுபாடு வரும், 'சகேயு' ஒன்றில், 'சக்கேயு' மற்றொன்றில். இதையெல்லாம் குறையாக எண்ணவேண்டாம்.

எங்கள் பக்கப் புத்தகங்களில் கவனிக்கவேண்டியது வேறு. மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னா என்ற பெயர்கள் நான்கு நற்செய்திகளிலும் இல்லை, யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற பழைய நூலிலிருந்து வந்தவை. குடிலில் மாடும் கழுதையும் நிற்பதற்கு லூக்காவில் வசனம் கிடையாது. எசாயா 1:3-ல் மாடு தன் உடைமையாளரையும் கழுதை தன் தலைவரின் தீவனத் தொட்டியையும் அறியும் என்று வருவதைப் பிறப்போடு சேர்த்துப் பார்த்த மரபு அது. மரபைச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'மரபு இப்படிச் சொல்கிறது' என்று ஒரு வரியாவது இருக்கவேண்டும். அந்த வரி இருக்கிற புத்தகத்தை நம்பி வாங்கலாம், எழுதியவருக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கிறது.

தூரிகை

எழுத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம்தான் வேதம், அதற்கும் இதே நான்கு குறியைப் போடுங்கள்.

பேழை: 300 முழம் நீளம், 50 அகலம், 30 உயரம், மூன்று தட்டு. முழம் 45 செ.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 135 மீட்டர், 22.5 மீட்டர், 13.5 மீட்டர். நீளம் உயரத்தைப்போல் பத்து மடங்கு. 40 செ.மீ. அகலமுள்ள இரட்டைப் பக்கத்தை முழுதாக நிரப்பி வரைந்தாலும் உயரம் 4 செ.மீ.தான் வரும். பெரும்பாலான புத்தகங்களில் இருப்பது ஒரு தொட்டி, அதன் மேல் ஒட்டகச்சிவிங்கியின் தலை. அதைப் பார்த்து வளரும் பிள்ளை பத்து வயதில் 'இவ்வளவு மிருகம் இதில் எப்படி அடங்கும்' என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பாதிக் காரணம் ஓவியர்.

வயது அடுத்தது. சிங்கக் கெபியில் (குகையில்) தானியேலை வாலிபனாக வரைகிறார்கள். அவன் சிறைப்பட்டுப் போனது யோயாக்கீமின் காலத்தில், ஏறக்குறைய கி.மு. 605. கெபியில் போட்டது பாபிலோன் விழுந்தபின், அதாவது கி.மு. 539-க்குப் பிறகு. நடுவில் 65 வருஷத்துக்கு மேல். வாலிபனாகப் போயிருந்தால் இப்போது எண்பதைத் தொட்ட கிழவன். வாழ்நாள் முழுவதும் தினம் மூன்று வேளை ஜெபித்த ஒருவர் கடைசியிலும் ஜன்னலைச் சாத்தவில்லை என்பதே அந்தக் கதையின் கனம், இளைஞனாக வரைந்தால் அது போய்விடுகிறது. பார்வோன் முன் நின்ற மோசேக்கு 80, ஆரோனுக்கு 83 (யாத். 7:7). ஈசாக்கின் வயது சொல்லப்படவில்லை, ஆனால் தகனபலிக்கு வேண்டிய விறகைச் சுமந்து மலையேறினான் (ஆதி. 22:6), ஆகவே இடுப்பில் தூக்கும் குழந்தையாக வரைவது தப்பு.

கோலியாத் ஆறு முழமும் ஒரு சாணும், சுமார் 2.9 மீட்டர். (செப்துவஜிந்து என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் சவக்கடல் சுருள் ஒன்றும் நான்கு முழமும் ஒரு சாணும் என்கின்றன, அது 2 மீட்டர் அளவே.) பெரிய கணக்கை எடுத்தாலும் ஒன்றரை மீட்டர் உயரப் பையன் அவன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருவான். புத்தகங்களில் முழங்கால் உயரத்தில் வரைகிறார்கள். தாவீது ஏழெட்டு வயதுக் குழந்தையும் இல்லை, சிங்கத்தையும் கரடியையும் கொன்றவன். சவுல் தன் சொந்த வஸ்திரங்களையே அவனுக்கு உடுத்திப் பார்த்தார், அவர் மற்றவர்களைவிடத் தோளுக்கு மேலே உயரமானவர் (1 சாமு. 10:23). பாலகனுக்கு அதை உடுத்திப் பார்க்கத் தோன்றுமா?

இயேசுவின் படம் தனிப்பிரச்சினை. அவர் முகம் எப்படி இருந்தது என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. நீலக்கண், பொன்னிறக் கூந்தல் என்றால் கலிலேயாவில் வளர்ந்த ஒரு யூதருக்குப் பொருந்தாது என்று மட்டும் சொல்லலாம்.

அம்மா_கேட்கிறேன்

நாலு வயதுப் பிள்ளைக்குத் தாவீது தலையை வெட்டினான் என்றெல்லாம் எப்படிச் சொல்வது? எரிகோவில் எல்லாரையும் சங்காரம் பண்ணினார்கள், எகிப்தில் தலைச்சன் பிள்ளைகள் செத்தார்கள்... இதை விட்டுவிட்ட புத்தகத்துக்கெல்லாம் 'வி' போட்டுத் தள்ளினால் சின்னப் பிள்ளைக்குப் புத்தகமே மிஞ்சாதே?

பெரோயா17

நல்ல கேள்வி சிஸ்டர். விடுவது பாவம் இல்லை. சுவிசேஷகர்களே நிறைய விட்டுத்தான் எழுதினார்கள், யோவான் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார் (20:30). விட்ட இடத்தை எதைக்கொண்டு மூடினார்கள் என்று பாருங்கள்.

'கல் கோலியாத்தின் நெற்றியில் பட்டது. அவன் விழுந்து செத்தான்.' இது போதும், தலையை வெட்டியது (1 சாமு. 17:51) பிறகு தெரிந்துகொள்ளட்டும். 'கோலியாத் பயந்து ஓடிவிட்டான்' அல்லது 'மயங்கி விழுந்தான்' என்று எழுதியிருந்தால் அது பொய். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் தானே வேதாகமத்தைத் திறக்கும்போது 'இதை அப்போது சொல்லவில்லையே' என்றால் பரவாயில்லை. 'அப்போது வேறுமாதிரி சொன்னீர்களே' என்றால், அடுத்து உயிர்த்தெழுதலைப் பற்றியும் அதே கேள்வி வரும்.

சில இடங்களில் விட்டால் கதையே நிற்காது. தலைச்சன் சாவைச் சொல்லாமல் பஸ்காவைச் சொன்னால், நிலைக்கால்களில் ஏன் இரத்தம் பூசினார்கள் என்பதற்குப் பதில் இல்லை. நான்கு வயதுக்கு அது கனம் என்றால் பஸ்கா கதையையே அந்த வயதுப் புத்தகத்தில் சேர்க்காமல் இருப்பது நேர்மை. வெள்ளத்தில் மனிதர்கள் மாண்டார்கள் என்பதை ஒரு வரியில் சொல்லாவிட்டால் பேழை ஒரு உல்லாசப் படகாகிவிடும். தானியேலைக் குற்றஞ்சாட்டியவர்களின் மனைவி பிள்ளைகளையும் கெபியில் போட்டது (6:24) விடக்கூடியது, அதை விட்டாலும் தானியேல் கதை முழுதாக நிற்கும்.

யோனாவில் நடப்பதுதான் எனக்குத் தாங்கமுடியாதது. மொத்தம் நான்கே அதிகாரம், 48 வசனம். மீனுக்கு மூன்றே வசனம். ஆனால் புத்தகங்களில் பாதிப் பக்கம் மீன், பிறகு நினிவே மனந்திரும்பியது, சுபம். நான்காம் அதிகாரம் முழுதாகக் காணாமல் போகும். அங்கேதான் யோனா ஏன் ஓடினான் என்ற காரணம் இருக்கிறது: நீர் இரக்கமுள்ள தேவன் என்று அறிந்திருந்தேன், அதனால்தான் ஓடினேன் என்கிறான் (4:2). மூன்றாம் அதிகாரத்தோடு முடிக்கும் புத்தகம் இந்தக் காரணத்துக்குப் பதிலாக 'யோனாவுக்குப் பயம்' என்றோ 'யோனா சொன்னபேச்சுக் கேட்கவில்லை' என்றோ போட்டுக்கொள்ளும். ஒரு 'வி' எப்படி 'கா'வாக மாறுகிறது பாருங்கள். ஆமணக்குச்செடி, பூச்சி, வெயில், கடைசியில் இலட்சத்து இருபதினாயிரம் பேருக்காகவும் மிருகஜீவன்களுக்காகவும் தேவன் கேட்கும் கேள்வி, இதில் ஐந்து வயதுக்கு ஆகாதது எது? செடியும் பூச்சியும் மீனைவிடச் சுலபமாக வரையக்கூடியவை.

கதைகாரன்

எழுதுகிற பக்கத்திலிருந்து ஒரு எதிர்ப்பு. வசனத்தில் இல்லாத பேச்சு எல்லாமே 'சே' என்றால் கதை சொல்லவே முடியாது. வேதக் கதைநடை மிகச் சுருக்கமானது. ஆபிரகாம் மூன்று நாள் நடந்தான், வழியில் என்ன நினைத்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளை உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டாமா? 'சூரியன் சுட்டது, கால் வலித்தது' என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெரோயா17

வெயிலுக்கும் கால்வலிக்கும் 'சே' போட்டாலும் நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. மனிதர்கள் வாயில் வைக்கும் பேச்சுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். தேவன் வாயிலும் இயேசு வாயிலும் இல்லாத வார்த்தையை வைத்தால் அங்கே நிறுத்திவிடவேண்டும். எளிமையாக்கலாம், சுருக்கலாம். வசனத்தில் இல்லாத வாக்குறுதியையோ கட்டளையையோ கொடுக்கவைக்கக் கூடாது. 'தாவீதே, நீ தைரியமாக இருந்தால் நான் உன்னை ஜெயிக்கவைப்பேன்' என்று கர்த்தர் சொல்வதாக எழுதினால், 1 சாமுவேல் 17-ல் கர்த்தர் தாவீதோடு நேரடியாக ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது ஒருபுறம், தைரியத்தை நிபந்தனையாக்கியது மறுபுறம்.

கதைகாரன்

அந்தக் கோட்டை ஏற்கிறேன். ஆனால் மனிதர் பக்கத்திலும் நீங்கள் தளர்த்தியது அதிகம். ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையைப் பாருங்கள். பையன் நாலு சுவிசேஷத்தில் யோவானில் மட்டும் வருகிறான், 6:9-ல், அதுவும் சீஷன் அந்திரேயா வாயால். 'இங்கே ஒரு பையன் இருக்கிறான்.' அவ்வளவுதான். அவன் பேசவில்லை, தானாக முன்வந்தான் என்று இல்லை, அம்மா கட்டிக்கொடுத்தாள் என்று இல்லை. புத்தகங்களில் அவனுக்குப் பெயர் வைத்து, 'என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் ஆண்டவரே' என்று சொல்லவைத்து, கடைசியில் 'நாமும் பகிர்ந்துகொள்வோம்' என்று முடிக்கிறார்கள். மனிதர் வாயில் வைத்த பேச்சு மட்டுமே கதையின் நாயகனை மாற்றிவிட்டது. அந்திரேயாவின் அடுத்த வரி 'இவை எம்மாத்திரம்'. போதாது என்பதுதான் அங்கே சொல்லப்படுவது. இன்னும் சில பதிப்புகளில் பையனைப் பார்த்து எல்லாரும் தங்கள் சாப்பாட்டை எடுத்தார்கள் என்று வரும், அங்கே அற்புதமே இல்லை.

அதேசமயம் அவசரப்பட்டு 'சே' போடுவதும் நடக்கிறது. குழியில் போட்டபோது யோசேப்பு கெஞ்சினான் என்று எழுதினால் ஆதியாகமம் 37-ல் இல்லையே என்பார்கள். 42:21-ல் அண்ணன்மார்களே, அவன் கெஞ்சி வேண்டிக்கொண்டபோது நாம் கேளாமற்போனோம் என்கிறார்கள். எழுதியவர் வேதத்தை நன்றாக வாசித்தவர் என்பதற்கு அந்த வரி சாட்சி. ஆதி 3-ல் சர்ப்பத்தைச் சாத்தான் என்று எழுதுவதும் வெளிப்படுத்தல் 12:9-ஐ வைத்துத்தான்.

பெரோயா17

அந்தப் பையனைப் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் விதியை இப்படி வைப்போம்: சேர்த்த பேச்சு கதையின் நாயகனை மாற்றினால் யார் வாயிலிருந்து வந்தாலும் அது 'கா'.

சகேயு இதற்கு மிகச் சிறந்த சோதனை, பத்து வசனம்தான், லூக்கா 19:1-10. வரிசை: மரத்தில் ஏறுகிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். அவன் சந்தோஷத்தோடு அழைத்துப்போகிறான். ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். அதன்பிறகுதான் பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை (நான்கு மடங்கு) என்கிறான். அவன் திருந்துவான் என்று இயேசு காத்திருக்கவில்லை. பல புத்தகங்களில் சகேயு மரத்தின்மேலேயே அழுது, இனி திருடமாட்டேன் என்கிறான், பிறகு இயேசு 'சரி, உன் வீட்டுக்கு வருகிறேன்' என்கிறார். இரண்டு வாக்கியம் இடம் மாறியது, அவ்வளவே. பிள்ளை கற்றது: முதலில் நல்லபிள்ளையாக மாறு, பிறகு ஆண்டவர் வருவார். லூக்கா அந்தக் கதையை முடிக்கும் வசனத்தை எதிரே வையுங்கள்: "இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே மனுஷகுமாரன் வந்திருக்கிறார்."

முறுமுறுப்பை விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதை விட்டால் இயேசு செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியாது. இதே காரணத்துக்குத்தான் கெட்டகுமாரன் கதையில் மூத்தவனை விடக்கூடாது (லூக்கா 15:25-32). அந்த உவமை சொல்லப்பட்டதே முறுமுறுத்தவர்களுக்கு.

மறைக்கல்வி_மதுரை

கதைமுடிவில் நீதி வைப்பது புதிய பழக்கம் இல்லை. ஹாம்பர்க் நகரப் பள்ளித் தலைவர் யோகான் ஹ்யூப்னர் 1714-ல் வெளியிட்ட சிறுவர் விவிலியக் கதைத் தொகுப்பில் பழைய ஏற்பாட்டில் 52, புதிய ஏற்பாட்டில் 52 கதைகள். ஒவ்வொரு கதைக்குப் பின்னும் கேள்விகள், படிப்பினைகள், பக்திச் செய்யுள் தனித்தனியாக இருந்தன. (அதே 1714-ல்தான் தரங்கம்பாடி அச்சகத்தில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறத் தொடங்கியது, மறு ஆண்டு முடிந்தது.) கதை ஒரு பகுதி, படிப்பினை வேறு பகுதி என்ற அந்தப் பிரிவு நல்ல ஏற்பாடு. பிள்ளைக்கு எது விவிலியம், எது ஆசிரியர் சொன்னது என்று தெரியும். இப்போதைய புத்தகங்களில் படிப்பினையைக் கதைக்குள்ளேயே கரைத்துவிடுகிறார்கள், பிரித்தெடுக்க முடிவதில்லை.

நூலகப்பொறுப்பு

பழைய ஏற்பாட்டுக் கதை ஒவ்வொன்றின் கடைசியிலும் இயேசுவைக் கொண்டுவந்து முடிக்கும் புத்தகங்களும் நிறைய. இதை எப்படிக் குறிப்பது?

பெரோயா17

நான் அதை விரும்புகிறவன், லூக்கா 24:27 அதற்கு வழிகாட்டுகிறது. இரண்டு சோதனை வையுங்கள். ஒன்று, புதிய ஏற்பாடே அந்தத் தொடர்பைச் சொல்கிறதா? வெண்கலச் சர்ப்பம் (யோவான் 3:14), மன்னா (யோவான் 6), பஸ்கா ஆட்டுக்குட்டி (1 கொரி. 5:7), யோனாவின் மூன்று நாள் (மத். 12:40), இவை உறுதியானவை. ரூத் மத்தேயுவின் வம்சவரலாற்றில் வருகிறாள். எஸ்தரைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் ஒன்றுமில்லை, அங்கே ஆசிரியர் தன் தியானத்தைச் சொல்கிறார், 'போல' என்ற சொல்லாவது இருக்கவேண்டும். இரண்டு, கதை தன் சொந்த முடிவை அடைந்தபிறகு தொடர்பு வருகிறதா, நடுவிலேயே வெட்டிவிட்டு வருகிறதா?

கதைகாரன்

இரண்டாவது சோதனை முக்கியம். தாவீது கதையில் "யுத்தம் கர்த்தருடையது" (17:47) என்ற வரியை முழுங்கிவிட்டு, நேரே 'தாவீதைப்போல இயேசுவும்' என்று தாவுகிறார்கள். பூமியெல்லாம் அறியும்படி என்று தாவீதே காரணம் சொல்கிறான். அது ஒன்றிருந்தால் 'நீயும் தைரியசாலியாக இரு' என்ற பாடம் தானாகவே ஓரத்துக்குப் போகும்.

தூரிகை

பிறப்புக் கதையை யாரும் இன்னும் முழுதாகத் தொடவில்லை, நான் சுருக்கமாக முடிக்கிறேன். கழுதையில் மரியாள், சத்திரக்காரன், மூன்று என்ற எண்ணிக்கை, ராஜாக்கள், எதுவும் மத்தேயுவிலோ லூக்காவிலோ இல்லை. இவை சின்ன 'சே'க்கள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை முன்னணைக்குப் (தீவனத் தொட்டிக்குப்) பக்கத்தில் மேய்ப்பர்களோடு நிறுத்துவது அதைவிடப் பெரியது. மத்தேயு 2:11-ல் வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஏரோது இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொன்றதும் அவன் சாஸ்திரிகளிடம் விசாரித்த காலத்தின்படியே. ஓவியருக்கு இது ஒரு படத்தை மிச்சப்படுத்தும் வசதி, அதற்காக இரண்டு சுவிசேஷத்தை ஒரே இரவில் அடைக்கக்கூடாது. தனித்தனிப் பக்கம் கொடுத்த புத்தகத்துக்கு நான் ஒரு மதிப்பெண் கூட்டுவேன்.

மெய்ப்பு

மொழிபெயர்ப்புப் பதிப்புகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பல நாடுகளுக்குச் சேர்த்து அச்சிடும் படப்புத்தகங்களில் படங்கள் எல்லா மொழிக்கும் பொது, எழுத்துக்கான கறுப்புத் தகடு மட்டும் மொழிக்கு மொழி மாறும். எழுத்துக்கு ஒதுக்கிய கட்டம் ஆங்கிலத்துக்கு அளந்தது. தமிழ் அதில் அடங்காது. அப்போது எழுத்தளவைக் குறைப்பார்கள், அல்லது வாக்கியத்தை வெட்டுவார்கள். வெட்டுப்படுவது பெரும்பாலும் 'ஏனென்றால்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம், ஏனென்றால் சம்பவத்தை வெட்டினால் படத்தோடு ஒட்டாது. ஆகவே ஆங்கிலத்தில் நல்ல பெயர் எடுத்த புத்தகம் என்று கேட்டுவிட்டு வாங்காதீர்கள், தமிழ்ப் பதிப்பையே பெரோயா முறையில் சோதியுங்கள். இருமொழிப் பதிப்பு என்றால் பக்கத்துக்கு எத்தனை வாக்கியம் என்று இரண்டிலும் எண்ணிப்பாருங்கள், குறைந்த இடத்தில் போய் என்ன விடுபட்டது என்று தேடுங்கள்.

கதைமுடிவில் கொடுத்திருக்கும் வசனக் குறிப்பையும் சரிபாருங்கள். 'ஆதி. 6–9' என்று போட்டுவிட்டு 8-ஆம் அதிகாரத்தோடு நிறுத்தும் புத்தகங்கள் உண்டு. குறிப்பே இல்லாத புத்தகத்தைக் கடைசி வரிசையில் வையுங்கள்.

நூலகப்பொறுப்பு

இவ்வளவையும் வைத்து எப்போது வாங்கலாம், எப்போது கூடாது என்று ஒரு அளவு சொல்லுங்கள் பிரதர். குழுவில் நான்கு பேர் பார்க்கப்போகிறோம், ஆளுக்கொரு அளவு என்றால் முடிவே வராது.

பெரோயா17

ஐந்து கதையிலும் சேர்த்து இரண்டு 'கா' வந்தால் வேண்டாம். ஒரு 'கா' என்றால், அதைச் சீட்டு ஒட்டித் திருத்தமுடியுமா என்று பார்க்கவும். தேவன் வாயில் கற்பித்த வாக்குறுதியையும் 'கா'வாகவே எண்ணவும். 'வ' எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை பாருங்கள், சகேயுவைப்போலக் காரணத்தையும் சேர்த்துத் திருப்பியிருந்தால் 'கா'வாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். 'சே' கதைக்கு மூன்று வரை பரவாயில்லை. 'வி'யை எண்ணவேண்டாம், விட்ட இடத்தில் பொய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான்கு பேரும் ஒரே கதையை முதலில் தனித்தனியாகக் குறித்து, பிறகு சேர்த்துப் பாருங்கள். யோனாவில் ஆரம்பிப்பது நல்லது, அங்கே கருத்து வேறுபாடு குறைவாக வரும். பிறகு ஆளுக்கொரு கதையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

சீட்டு என்றால் முன்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டும் ஒரு சின்னத் தாள், வாசித்துக் காட்டுகிற ஆசிரியருக்காக. 'பக்கம் 14: கதவை அடைத்தது கர்த்தர், ஆதி. 7:16' என்கிற அளவில் இருக்கட்டும், பத்து வரிக்கு மேல் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள். பத்து வரிக்கு அடங்காத புத்தகத்தை வாங்காமல் இருப்பதே மேல்.

அம்மா_கேட்கிறேன்

கெட்டி அட்டைப் புத்தகத்துக்கும் இதேதானா? இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கானது, மொத்தமே பத்துப் பன்னிரண்டு வாக்கியம்தான் இருக்கும்.

கதைகாரன்

அதற்கு நான்கு குறி தேவையில்லை சிஸ்டர். வாக்கியங்களின் எழுவாயை மட்டும் அடிக்கோடிடுங்கள். நோவா கதையில் பன்னிரண்டில் பதினொன்று 'நோவா', 'யானை', 'ஒட்டகச்சிவிங்கி' என்று இருந்து, தேவன் கடைசி வரியில் வானவில்லோடு மட்டும் வந்தால் வேண்டாம். 'தேவன் சொன்னார்', 'தேவன் அடைத்தார்', 'தேவன் நினைத்தருளினார்' (8:1) என்று மூன்று இடத்திலாவது வந்தால் தாராளமாக வாங்குங்கள், பேழை தொட்டிபோல் இருந்தாலும்.

தூரிகை

தொட்டியைச் சொல்லி என்னைச் சீண்டுகிறீர்கள் அண்ணா, ஆனாலும் இரண்டு வயதுக்கு ஒத்துக்கொள்கிறேன். நான்கு வயதிலிருந்து நீளமான பேழைதான் வேண்டும்.